கறுப்புக் கயிறு கட்டிய பாட்டில்

மொரப்பூர் ரயில் கூவுவது காதில் விழும் தூரத்தில் இருந்த பச்சியப்பன் வீட்டில், மாமனார் மருமகளோடு நேருக்கு நேர் பேசும் வழக்கம் கிடையாது. அவர் தகப்பனார் பேசியதில்லை, பாட்டனாரும் பேசியதில்லை. யுவராணி மருமகளாக வந்து நாலு வருஷம் ஆகியும் பச்சியப்பன் அந்தக் கோட்டைத் தாண்டவில்லை. சொல்ல வேண்டியதை மனைவி கண்ணம்மாளிடம் சொல்வார். நாலடி தள்ளி நிற்கும் மருமகளிடம் கண்ணம்மாள் அதையே திருப்பிச் சொல்வாள். பதிலும் அதே தடத்தில் வந்து சேரும். கண்ணம்மாள் ஊரில் இல்லாத நாட்களில் அந்த உத்தியோகம் செவலைப் பசுவின் தலையில் விழுந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்படித்தான் ஆயிற்று. பாப்பாரப்பட்டியில் தங்கை பேத்திக்குக் காது குத்து என்று கண்ணம்மாள் பேத்தி பிரியதர்ஷினியையும் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். மகன் நவநீதன் ஓசூர் கம்பெனியில் ஷிப்ட். வீட்டில் மாமனாரும் மருமகளும் மட்டும். சாயங்காலம் பச்சியப்பன் செவலையின் முதுகைத் தட்டிக் கொடுத்தபடி ஆரம்பித்தார்.

"ஏ செவல, இன்னிக்கு மோருல உப்பு தூக்கல்."

சமையலறை ஜன்னலிலிருந்து பதில் வந்தது. "செவல, மோரு கரைச்சு வெச்சுட்டுப் போனது அத்தைன்னு உங்க எசமான் கிட்டச் சொல்லு. கோவத்த பாப்பாரப்பட்டிக்கு அனுப்பச் சொல்லு."

செவலை காதை ஆட்டியது. மீசைக்குள் வந்த சிரிப்பைப் பச்சியப்பன் துண்டால் துடைத்துக்கொண்டார்.

"சாமந்தி மொட்டு வெச்சிருச்சு செவல. கடல்பாசி டானிக்கு ஒரு தடவ அடிச்சா பூவு நல்லா வெடிக்கும். நாளைக்கு மொரப்பூர்ல ஒரு பேச்சுவார்த்த. போயிட்டு வந்து நானே அடிக்கிறன்."

"தோள்பட்டைக்குத் தேய்ச்ச தைலம் இன்னும் காயல. மருந்து டேங்க யாரு தூக்கறதுன்னு கேளு செவல."

"நான் தூக்குவன்னு சொல்லு. எங்கப்பன் எம்பது வயசுல ஏத்தம் எறைச்சாரு."

"நீ சிரிக்காத செவல. பெரியவங்க பேசறாங்க."

பச்சியப்பனுக்கு இந்தப் பெண்ணின் மேல் இருந்த பிரியம் வெளியில் தெரியாத பிரியம். அதற்குக் காரணமும் இருந்தது. பதிமூன்று வருஷத்துக்கு முன் அவர் தம்பி குரு, பருத்திக்கு வாங்கி வைத்திருந்த பூச்சிமருந்தைக் குடித்து இறந்துபோனான். அன்றிலிருந்து ஊரில் அந்த வீட்டுக்கு 'மருந்து குடிச்ச வூடு' என்று பெயர். நவநீதனுக்குப் பெண் கேட்டுப் போன இடத்திலெல்லாம் காபி கொடுத்தார்கள், பெண் கொடுக்கவில்லை. யுவராணியின் தகப்பனார் ஒருவர்தான், "போனவங்களுக்காக இருக்கறவங்கள ஒதுக்க முடியுமாங்க" என்று சொல்லித் தாம்பூலம் மாற்றினார்.

அந்தப் பெயரை அழிக்கப் பச்சியப்பன் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். பூச்சிமருந்து பாட்டில் எது வாங்கினாலும் தோட்டத்து மோட்டார் கொட்டாயில் தண்ணீரில் ஊறப்போட்டு லேபிளை உரித்துவிடுவார். மண்டை ஓடும் சிவப்பு முக்கோணமும் போட்ட காகிதம் அவர் நிலத்தில் ஒருவர் கண்ணிலும் படக்கூடாது. டானிக் பாட்டில் மட்டும் பெயரோடு நின்றால் மற்றது எது என்று கேட்பார்களே என்று அதையும் உரிப்பார். அலமாரியில் எல்லாம் ஒரே மாதிரி, மொட்டையாக நிற்கும். விஷத்துக்கு அடையாளமாக அதன் கழுத்தில் ஒரு கறுப்புக் கயிறு கட்டி வைப்பார். இது அவருக்குத் தெரியும், நவநீதனுக்குத் தெரியும். கண்ணம்மாளுக்கும் ஒரு காலத்தில் சொன்ன நினைவு. மருமகளிடம் பேசும் வழக்கம்தான் இல்லையே.

மறுநாள் காலை வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு மொரப்பூர் போனார். இரண்டு பங்காளிகளின் வரப்புத் தகராறு. பச்சியப்பன் வந்து சொன்னால்தான் கேட்போம் என்று இரண்டு பேருமே சொல்லியிருந்தார்கள். பேசி முடித்து, மெயின் ரோட்டில் இறங்கித் தோட்டத்து வழியாகவே நடந்து வந்தபோது மணி பதினொன்று இருக்கும்.

சாமந்தி வயல் வரப்பில் யுவராணி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மருந்து டேங்க். தூரத்திலிருந்து பார்த்தபோது அவருக்கு முதலில் வந்தது பெருமைதான். தோள்வலிக்காரன் தூக்க வேண்டாம் என்று இந்தப் பெண் முந்திக்கொண்டதே என்று நினைத்தார். செவலையிடம் என்ன சொல்லித் திட்டலாம் என்று யோசித்துக்கொண்டே கிட்டே வந்தார்.

கிட்டே வந்ததும் கால் நின்றுவிட்டது. மருமகள் குளித்து எழுந்தவள் போல வியர்த்திருந்தாள். வாயோரம் எச்சில் நூலாக வடிந்தது. மாமனார் வந்ததும் எழுந்து நிற்கும் பெண், எழ முயன்று அப்படியே சரிந்தாள். கன்னத்துச் சதை தானாகத் துடித்தது. டேங்க் மூடியிலிருந்து ஒழுகி, ரவிக்கையின் முதுகு முழுக்க நனைந்திருந்தது. வரப்பில் ஒரு பிளாஸ்டிக் பாட்டில், அடியில் கொஞ்சம் மட்டும் மீந்து நின்றது. அதன் கழுத்தில் கறுப்புக் கயிறு.

"யுவராணி!" என்றார் பச்சியப்பன். அந்தப் பெயரை அவர் வாயால் சொன்னது அதுவே முதல் தடவை. சொன்னது அவருக்கே தெரியவில்லை.

கூப்பிட்ட குரலுக்குப் பக்கத்துத் தோட்டத்து ராஜப்பன் ஆட்டோவோடு ஓடி வந்தான். நல்ல பிள்ளை, உதவிக்கு முன்னால் நிற்பவன். ஆனால் அவன் காதில் விழுந்த சேதி பஸ்ஸுக்கு முன்னால் அரூர் போய்ச் சேரும்.

"என்னாச்சுங்க மாமா?"

பச்சியப்பன் அந்த பாட்டிலை வேட்டி மடிப்பில் செருகித் துண்டால் மூடிவிட்டிருந்தார். "வெயிலுப்பா. காலைல சாப்புடாம வேல செஞ்சிருக்குது."

அறுபத்தெட்டு வயதில் அவர் சொன்ன முதல் பொய் அது என்று சொல்ல முடியாது. ஆனால் வெட்கமில்லாமல் வந்த முதல் பொய் அதுதான்.

ஆஸ்பத்திரியிலும் அதையே சொன்னார். டாக்டர் நிர்மலாதேவி சின்ன வயசு, முப்பதைத் தாண்டியிருக்காது. டார்ச் அடித்து யுவராணியின் கண்ணைப் பார்த்தாள். நாடியைப் பிடித்தாள். திரும்பாமலே நர்ஸிடம் இரண்டு ஊசிப் பேர் சொல்லிவிட்டுக் கேட்டாள்.

"மருந்து ஏதாச்சும் குடிச்சாங்களா?"

பச்சியப்பனின் முதுகு நிமிர்ந்தது. "எங்க வூட்ல அப்படி யாரும் கெடையாதுங்க. வெயில் மயக்கம்."

"பெரியவரே, கண்ணு நடுவுல இருக்கற கறுப்பு கடுகாட்டம் சுருங்கிப் போயிருக்குது. நாடி எறங்குது, வாயில நொர வருது. வெயில் இப்படிப் பண்ணாது. பூச்சிமருந்துதான் பண்ணும். மாத்து மருந்து ஆரம்பிச்சுட்டன். ஆனா வாயில போச்சா, மேல பட்டுச்சா, எந்த மருந்து, எனக்குத் தெரியணும்."

"மேல பட்டாக்கூட..." என்று ஆரம்பித்தார். கை வேட்டி மடிப்பில் இருந்த பாட்டிலைத் தடவியது.

"வாயில போனாத்தான் விஷம்னு இல்லைங்க. தோலு வழியாவே உள்ள எறங்கும். மேல பட்டிருந்தா துணிய அவுத்து சோப்பு போட்டு முழுசாக் கழுவணும். நீங்க வெயிலுன்னு சொன்னதால, வேர்வன்னு நெனச்சு ஈர ஜாக்கெட்டோட படுக்க வெச்சிருக்கோம். அதுல மருந்து இருந்தா, நாம பேசிட்டு நிக்கற இந்த நிமிஷமும் அது எறங்கிட்டுத்தான் இருக்குது."

வாசலில் ராஜப்பன் நின்றுகொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் மொரப்பூர் சந்தை முழுக்க நிற்பது போலத் தோன்றியது பச்சியப்பனுக்கு. பதிமூன்று வருஷமாகக் காகிதம் காகிதமாக உரித்து எறிந்ததெல்லாம் திரும்பி வந்து வாசலில் நின்றது. இந்தப் பக்கம் அந்தப் பெண்ணின் கால் கட்டிலில் தனியாகத் துடித்துக்கொண்டிருந்தது. மோரில் உப்பு அதிகம் என்றால் மாட்டிடம் வழக்காடும் பெண்.

வேட்டி மடிப்பிலிருந்து பாட்டிலை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"முதுகுல ஒழுகி இருக்குதுங்க. கையும் போட்டுக் கலக்கி இருக்கும். குடிக்கலைங்க. கழுவுங்க, சீக்கிரம் கழுவுங்க."

திரை இழுபட்டது. தண்ணீர்ச் சத்தம் கேட்டது. நர்ஸ் கையுறை போட்டுக்கொண்டு அந்தத் துணியை உறையில் கட்டினாள். டாக்டர் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "லேபிள் எங்க? பேரு எங்க?"

"நான்தான் உரிச்சன்."

"எதுக்குங்க?"

"மானத்துக்கு" என்றார் பச்சியப்பன். தாமதிக்காமல் போனை எடுத்து, பூச்சிமருந்துக்கடை முருகேஷைக் கூப்பிட்டார். காது சரியாகக் கேட்காததால் அவர் போன் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசும். வராந்தாவில் நின்ற அத்தனை பேர் காதிலும் விழுந்தது.

"முருகேஷு, ரெண்டு வருஷத்துக்கு முந்தி பருத்திக்கு ஒண்ணு குடுத்தியே, கால்வாசி மீந்துச்சுன்னு சொன்னனே, அது பேரு என்னா?"

"ஐயோ மாமா, அது மோனோகுரோட்டோபாஸாச்சே. இப்ப விக்கறதையே நிறுத்தச் சொல்லிட்டாங்களே. யாரு மாமா குடிச்சது?"

வராந்தாவில் எல்லாத் தலையும் இந்தப் பக்கம் திரும்பியது. பச்சியப்பன் நிமிர்ந்து நின்றார். பஞ்சாயத்தில் தீர்ப்புச் சொல்லும் குரலில் சொன்னார். "யாரும் குடிக்கல. டானிக்குன்னு நெனச்சு எம் மருமவ அடிச்சிருச்சு. பேர உரிச்சு வெச்சவன் நான். கேக்கறவங்களுக்கெல்லாம் இத இப்படியே சொல்லு."

டாக்டர் பேரை எழுதிக்கொண்டு உள்ளே போனாள்.

சாயங்காலம் நவநீதன் ஓசூரிலிருந்து வந்து சேர்ந்தான். கண்ணம்மாள் பேத்தியைத் தங்கை வீட்டில் விட்டுவிட்டு அழுதுகொண்டே வந்தாள். டாக்டர் எல்லோரையும் உட்காரவைத்துச் சொன்னாள். முதல் ஆபத்து தாண்டியது. ஆனால் இந்த மருந்து ஒரு நாளில் விட்டுவிடுவதில்லை. தெளிந்த மாதிரி இருந்து, இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ கழுத்துச் சதை தளர்ந்து, பிறகு மூச்சே தளரும். கழுத்துதான் முதலில் காட்டிக் கொடுக்கும். "மணிக்கொரு தடவ தலையத் தூக்கச் சொல்லிப் பாக்கணும். தூக்க முடியலன்னா உடனே எங்கள கூப்புடணும். யாரு பக்கத்துல இருக்கறீங்க?"

நவநீதன் வாயைத் திறப்பதற்குள் பச்சியப்பன் நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டார். "கூட எல்லாரும் இருங்க. கேக்கறது நான் கேக்கறன்."

கண்ணம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பழக்கத்தில், "என்ன கேக்கணும்னு சொல்லுங்க, நான் அவகிட்டச் சொல்றன்" என்றாள்.

"வேணாம். நீ சும்மா இரு."

அப்படித்தான் மூன்று நாள் நடந்தது. மணிக்கொரு தடவை பச்சியப்பன் தொண்டையைக் கனைத்துக்கொள்வார். "யுவராணி, தலையத் தூக்கும்மா." யுவராணி தலையணையிலிருந்து தலையைத் தூக்குவாள். "போதும், வெய்யி" என்பார். மறுபடி கடிகாரத்தைப் பார்த்து உட்காருவார். தீர்ப்புச் சொல்லும் அந்தக் குரல் ஒவ்வொரு தடவையும் 'யுவராணி' என்ற இடத்தில் கொஞ்சம் உடைந்தது. பக்கத்துக் கட்டில்காரர்கள் அதைக் கேட்காத மாதிரி இருந்தார்கள்.

மாற்று மருந்து ஏறியதில் முதல் நாள் அவளுக்கு வாய் வறண்டு, முகம் சிவந்து, நினைவு தடுமாறியது. போர்வையில் பூப் பறித்தாள். பறித்ததை மடியில் போட்டாள். "செவல," என்றாள் திடீரென்று, "மாமா வர்றதுக்குள்ள ரெண்டு சாலு முடிச்சிரணும். தோளு வலிக்குதுன்னா ஒத்துக்க மாட்டாரு. நீயும் சொல்லிராத."

பச்சியப்பன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அங்கிருந்தபடியே, "செவல சொல்லாதாம்மா, நீ பூவப் பறி" என்றார்.

இரண்டாம் நாள் மத்தியானம் ஒரு தடவை, கேட்டும் தலை எழவில்லை. பச்சியப்பன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "யுவராணி! தலையத் தூக்கு!" என்று போட்ட சத்தத்தில் நர்ஸ் ஓடி வந்தாள். யுவராணி கண்ணைத் திறந்து, முழுசாக எழுந்தே உட்கார்ந்துவிட்டாள்.

"தூங்கிட்டன் மாமா. எதுக்கு இந்தக் கத்து கத்தறீங்க, பஞ்சாயத்தா நடக்குது?"

நர்ஸ் சிரித்துவிட்டுப் போனாள். பச்சியப்பன் நாற்காலியை நிமிர்த்தி வைத்து உட்கார்ந்தார். துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். பிறகுதான், நாலு வருஷமாக அவளிடம் ஒரு கேள்வியும் கேட்காதவர், நேராக, அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"அலமாரியில ரெண்டு பாட்டில் இருந்துச்சே. கயிறு கட்டினத ஏம்மா எடுத்த?"

அவளுக்கு அந்தக் கேள்வியே ஆச்சரியமாக இருந்தது. "கயிறு கட்டி இருந்துச்சுன்னுதான் எடுத்தன். நீங்க எதுக்குக் கறுப்புக் கயிறு கட்டுவீங்க? பாப்பா கையில கட்டினீங்க. செவல கழுத்துல கட்டினீங்க. புதுசா வாங்கின மோட்டாருக்குக் கட்டினீங்க. கண்ணு படக்கூடாதுன்னு ஆசையா வெச்சிருக்கறதுக்குத்தான் கட்டுவீங்க. அந்தப் பாசி டானிக்க அவ்வளவு பெருமையாச் சொன்னீங்களே, அதுக்கும் கட்டி இருக்கறீங்கன்னு நெனச்சன். சளி புடிச்சிருந்துச்சு, வாசமும் தெரியல."

பச்சியப்பன் தன் இரண்டு கைகளையும் பார்த்தார். ஆயுசெல்லாம் அருமையானதைக் காக்கக் கட்டிய கயிற்றைக் கொண்டுபோய் விஷத்தின் கழுத்தில் கட்டியவன் யார் என்று அவருக்குத் தெரியும். இந்தப் பெண் தப்பாகப் படிக்கவில்லை. எழுதியதுதான் தப்பு.

மூன்றாம் நாள் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ஏட்டு தர்மன் வந்தார். விஷம் சம்பந்தப்பட்டது என்றால் வாக்குமூலம் வாங்க வேண்டுமாம். பாதி ஊர் பார்க்க வந்திருந்த நேரம் அது. ராஜப்பன் மனைவி மலர்விழி ஆரஞ்சுப் பழத்தோடு நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். யுவராணி மாமனாரை ஒரு தடவை பார்த்துவிட்டு, "தப்பு என்னோடதுங்க. தெரியாம மாத்தி எடுத்துட்டன்" என்றாள்.

"அத அடிங்க ஏட்டய்யா" என்றார் பச்சியப்பன்.

"எதைங்க?"

"தப்பு அதோடதுன்னு எழுதினத. பாட்டில்ல பேரு இல்ல. பேர உரிச்சது மாமனார் பச்சியப்பன். எது விஷம்னு மருமவகிட்ட சொல்லாததும் அவன்தான். அப்படி எழுதுங்க, படிச்சுக் காட்டுங்க, நான் கையெழுத்துப் போடறன்."

தர்மன் மருமகளைப் பார்த்தார். "என்னம்மா, அப்படித்தானா?"

"அவரு சொன்னா அப்படித்தாங்க. எங்க வூட்ல அவரு பேச்சுக்கு மறு பேச்சு மாடுகூடப் பேசாது" என்றாள் யுவராணி.

ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒரு மாசத்துக்கு மருந்து அடிக்கிற வாசத்துப் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தாள். பச்சியப்பன் முதல் வேலையாக நவநீதனோடு மோட்டார் கொட்டாய்க்குப் போனார். லேபிள் இல்லாத பாட்டில் எல்லாவற்றையும் எடுத்து, என்ன செய்வது என்று வேளாண்மை ஆபீசரை வரவழைத்துக் கேட்டு, அவர் சொன்னபடி ஒப்படைத்தார். டானிக்கையும் சேர்த்துத்தான் கொடுத்தார். இனிமேல் பெயரோடு வருவது பெயரோடு நிற்கும் என்றார். மருமகள் மருந்தடித்த சாமந்தி அதற்குள் மஞ்சள் மஞ்சளாய் வெடித்து நின்றது. வியாபாரி வண்டி கொண்டு வந்தான். ஒரு பூவும் தரமுடியாது என்று திருப்பி அனுப்பினார். "அந்தப் பூவ ஊர்ல ஒரு பொண்ணு தலையில வெச்சுக்கக் கூடாது. உழுது வுட்டுருவன்." செவலை அந்தப் பக்கம் மேயாமல் இருக்க அவரே வேலி கட்டினார்.

ஐந்தாறு நாள் கழித்து மொரப்பூர் சந்தைக்குப் போய்வந்த கண்ணம்மாள் பையை இறக்கி வைக்காமலே ஆரம்பித்தாள்.

"ஏங்க, அந்த முருகேஷு கடைக்கு வர்றவங்க கிட்டயெல்லாம் நம்ம வூட்டுக் கதையச் சொல்றானாங்க. லேபிள உரிக்காதீங்க, பச்சியப்பன் மாமா வூட்ல இப்படித்தான் ஆச்சுன்னு ஊருக்கெல்லாம் பறையடிக்கறான். இனிமே என்னா பேரு வரப்போவுதோ நம்ம வூட்டுக்கு."

பச்சியப்பன் முதுகு ஒரு கணம் விறைத்தது. "உரிச்சது நான்னு சரியாச் சொல்றானா?"

"அதெல்லாம் பேரோட சொல்றான்."

"அப்பச் சொல்லட்டும்."

கண்ணம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சமையலறைப் பக்கம் திரும்பினாள். "யுவராணி, மாமாவுக்குக் காபி வேணுமான்னு..." என்றவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். அந்த வேலை போய்ப் பத்து நாள் ஆகியிருந்தது.

"காபி வெச்சாச்சு அத்த" என்று யுவராணி டம்ளரோடு வந்தாள். நடையில் இன்னும் கொஞ்சம் சோர்வு இருந்தது. டம்ளரை மாமனார் கையிலேயே கொடுத்தாள். "மாமா, சக்கர கொறச்சலா இருந்தா எங்கிட்டயே சொல்லுங்க."

"சரியா இருக்குதும்மா."

"அப்பறம் மாமா, ஒரு விஷயம். செவல ரெண்டு நாளா தவிடு சரியாத் திங்கல."

பச்சியப்பன் பதறி எழுந்தார். "ஏன்? அந்தப் பூவுப் பக்கம் கீது போச்சா?"

"இல்ல மாமா. பத்து நாளா நீங்க அதுகிட்ட ஒரு வார்த்த பேசல. எங்கிட்டயே பேசிட்டு இருக்கறீங்க. கோவிச்சுக்கிச்சு."

பச்சியப்பன் மீசைக்குத் துண்டைத் தேடினார். துண்டு கொடியில் கிடந்தது. வந்த சிரிப்பை இந்தத் தடவை துடைக்க முடியாமல், காபி டம்ளரோடு மாட்டுக் கொட்டாய்ப் பக்கம் நடந்தார்.